பாறசாலை பஸ்ஸில் ஷீபா சொன்ன பதில்

எங்கள் மகள் இறந்த பிறகு என் மனைவி ஷீபா யாரிடமும் பேசாமல் ஆகிவிட்டாள். டாக்டர் கொடுத்த மாத்திரையால் தூக்கம் வந்தது, பேச்சு வரவில்லை. அவரே ஒரு கவுன்சலரிடமும் அனுப்பினார். கவுன்சலர் அவளைப் பேச வைத்ததோடு படமும் வரைய வைத்தார்.

இன்று நெய்யாற்றின்கரையில் அவரைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது, பக்கத்தில் இருந்த அம்மா ஷீபாவிடம் கேட்டார்: "பிள்ளைய எத்தன உண்டு மக்கா?"

நான் பதறிப்போனேன்.

ஷீபா பையிலிருந்து தான் வரைந்த படத்தை எடுத்தாள். "ஒரு மோளு உண்டு. மரிச்சு போயிட்டா. இதாக்கும் அவ."

அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பாறசாலை வரை இருவரும் அழுதார்கள்.

நான் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லி கவுன்சலர் அறைக்கு வெளியிலேயே உட்கார்ந்திருப்பவன் நான். என்னைப் போன்ற அப்பாக்கள் யாராவது உள்ளே போயிருக்கிறீர்களா?