முப்பத்து மூன்று கோடியும் சொச்சமும்

முப்பத்து மூன்று கோடியே முப்பத்து மூன்று லட்சத்து முப்பத்து மூவாயிரத்து முந்நூற்று முப்பத்தொன்று. எட்டு மூன்றுகள், கடைசியில் ஒரு ஒன்று. என் கணவர் போனபின், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போதும் ரிங் ரோட்டில் பஸ்ஸில் போகும்போதும் இந்த எண் தானாக என் வாயில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவளுக்கு ஒரு எண்ணிடம் பயம் என்றால் சிரிப்பார்கள். பயம்தான்.

அவருக்குப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை ஆனபின், அது திரும்பி வந்திருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் நேரம் இருக்கிறதே, அது ஆளையே தின்றுவிடும். முதல் தடவை அவர் டோக்கன் சீட்டைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்ததைப் பார்த்து, "31ஐ எதாலயாவது வகுத்து உடைங்க பாப்போம்" என்றேன். அது பகா எண், உடையாது. அடுத்த தடவை 331. அப்புறம் 3331. ஒவ்வொரு தடவையும் முன்னால் ஒரு மூன்று சேரும். ஹெப்பாள் தொழிற்சாலையில் லேத் ஓட்டிய மனிதர், கணக்கில் புலி. டோக்கன் சீட்டின் பின்பக்கம் ஏழு, பதினொன்று, பதிமூன்று என்று வரிசையாக வகுத்துப் பார்ப்பார். டாக்டர் கூப்பிடும்வரை எண் உடையாவிட்டால் ரிப்போர்ட் நல்லபடியாக இருக்கும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம் ஆகிவிட்டது. ராகுகாலம் பார்க்கிறவர்களைக் கேலி செய்தவள் நான்! ஏழு தடவை எண்ணும் உடையவில்லை, ரிப்போர்ட்டும் சுத்தம்.

எட்டாவது எண் உடையும் என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும். பதினேழால் மீதியில்லாமல் வகுபடும். ஏழு தடவை சரியாக வந்தது எட்டாவது தடவையும் வரும் என்று நம்பாதே என்பதற்கு, வகுப்பில் நான் வழக்கமாகச் சொன்ன உதாரணமே இதுதான். அதற்குள் இந்த விளையாட்டே மறந்துபோகும் என்றிருந்தேன்.

அவர் மறக்கவில்லை. "இந்தத் தடவை எட்டு மூணுதானே?" என்று தானே எழுதிக்கொண்டார்.

"வேற நம்பர் எடுங்க, இது போரடிக்குது."

"சும்மா இரு. பாதியில மாத்தினா ஆகாது."

அன்று பார்த்து டாக்டர் வர நேரமாயிற்று. ஏழு போட்டார், மீதி வந்தது. பதினொன்று, மீதி. பதிமூன்று, மீதி. அடுத்து வரவேண்டியது பதினேழு. அவர் மறுபடியும் பதிமூன்றையே போட்டார்.

"ஏங்க, அதுதான் போட்டாச்சே?"

"மீதி சரியா இருக்கான்னு பாக்கறேன், இரு."

மூன்றாம் முறையும் பதிமூன்று. கணக்கில் ஒருநாளும் தடுமாறாத மனிதர். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீட்டில் எப்போதோ தனியாக உட்கார்ந்து பதினேழு வரை போய்ப் பார்த்துவிட்டிருக்கிறார். நான் பயந்துவிடுவேன் என்று பதிமூன்றிலேயே நின்றுகொண்டிருக்கிறார். அவர் மேல் வந்த பிரியத்தில் நானும் சேர்ந்து அந்த மீதியைச் சரிபார்த்தேன்.

நர்ஸ் கதவைத் திறந்து, "ஒளகெ ஹோகி சார்" என்று கன்னடத்தில் உள்ளே போகச் சொன்னாள்.

"பாத்தியா, உடையல" என்று சீட்டை என் கையில் கொடுத்துவிட்டு அவர் முன்னால் உள்ளே போனார். இதற்கு முன் ஏழு தடவையும் நின்றபடியே சொல்லி அனுப்பிய டாக்டர், அன்று எங்களை உட்காரச் சொன்னார்.