உப்பு சரியாகத்தான் இருந்தது

என் வீட்டுக்காரரின் அண்ணனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதும் இல்லை. மாமா என்றுதான் கூப்பிடுவேன், அது வாய் வார்த்தைக்கு. பாலக்கோட்டில் கேன் தண்ணீர் பிளாண்ட் வைத்திருக்கிறார். தண்ணீரைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் போதும், குறுக்கே விழுவார்.

எங்கள் வீட்டு ஹாலில் கடல்நீர் மீன்தொட்டி இருந்தது. ஆர்.ஓ. தண்ணீரில் பாக்கெட் கடலுப்பை நிறுத்துக் கலந்து, ஒரு ஜோடி கோமாளி மீன்களை நாலு வருஷம் வளர்த்தேன். என் தலை தெரிந்தால் இரண்டும் கண்ணாடியோரம் ஓடிவரும். தண்ணீர் மஞ்சள் பாயாமல் இருக்க ஓசோன் மெஷின் வாங்கினேன். ஓசோன் அழுக்கைத் தின்னும், அளவு மீறினால் உயிரையும் தின்னும். அதைத் தொட்டிக்குள் நேராக விடவே கூடாது. அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்க வெளியே பக்கத்தில் நிற்கும் நுரைக்குழாய்க்குள் விட்டு, அந்தத் தண்ணீரைக் கரியில் வடித்த பிறகுதான் மீனிடம் அனுப்ப வேண்டும்.

காரிமங்கலத்தில் அம்மா வீட்டு விசேஷத்துக்கு இரண்டு நாள் போனேன். தீனி போடச் சொல்லி சாவியை இந்த மகானிடம் கொடுத்துவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் இரண்டு மீனும் அடியில் செத்துக் கிடக்கின்றன. ஓசோன் குழாய் தொட்டிக்குள் கிடக்கிறது, மெஷின் முழு வேகத்தில் ஓடுகிறது, ஹாலெல்லாம் ஓசோன் நெடி.

“பிளாண்ட்ல ஓசோனை நாங்க நேராத்தாம்மா வுடறோம். கேன் தண்ணிக்கு ஆவறது மீனுக்கு ஆவாதா?” என்றார்.

கேனுக்குள் மீனா நீந்துகிறது? நேராக விட்டதால்தான் செத்தது என்று அவரிடமே சொன்னேன். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். மறுநாள் என் மாமியாரிடம் போய், “மெஷினை நாந்தான் சரியா மாட்டிக் குடுத்தேன். அவ உப்பை அள்ளிக் கொட்டிட்டா” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சொந்தத்தில் யார் என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும், “உப்பு பாத்துப் போட்டியா?” என்று கேட்டு ஒரு சிரிப்பு. குழம்பு ஊற்றும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இருக்கட்டும், உன்னை உன் வாயாலேயே சொல்ல வைக்கிறேன் என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

புது வீடு கட்டிய மாமாவுக்கு ஹாலில் அதே மாதிரி தொட்டி வேண்டுமாம். வெட்கமில்லாமல் என்னிடமே வந்து கேட்டார். கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு மாதம் முன்பே தண்ணீர் கலந்து பதப்படுத்தி, காலேஜ் படிக்கும் அவர் மகள் ஆசைப்பட்ட ஒரு ஜோடி கோமாளி மீனை விட்டுக் கொடுத்தேன். ஓசோன் குழாயை மட்டும் மாட்டாமல் தொங்கவிட்டேன்.

கிரகப்பிரவேசத்தன்று ஹோமப் புகை அடங்குவதற்குள் சொந்தமெல்லாம் தொட்டியைச் சூழ்ந்துகொண்டது.

“இந்தக் குழாய்தான் பாக்கிங்க. மாமாவே மாட்டட்டும், எங்க வூட்ல மாட்டுன மாதிரியே” என்றேன்.

“ஆமாண்டா, அவளுக்கு மாட்டிக் குடுத்தியே, அப்படியே மாட்டு” என்றார் மாமியார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை. நேராக விடுவதைத் தவிர வேறு முறை தெரியாது, அத்தனை பேர் முன்னால் என்னிடம் கேட்கவும் முடியாது, குழாயைத் தொட்டிக்குள் விட்டார். நான் ஸ்விட்சைப் போட்டேன். குமிழி கிளம்பியது, மீன்கள் மிரண்டு மூலைக்கு ஓடின.

“அப்பா, மீனுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?” என்றாள் மகள்.

அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. நல்லா வேர்க்கட்டும் என்று நின்றேன். திடீரென்று குழாயை வெடுக்கென்று பிடுங்கினார்.

“இப்படி வுட்டா செத்துடும்மா. சித்தி வூட்டு மீனும் நான் இப்படி வுட்டுத்தான் செத்துச்சு.”

“அடப்பாவி! அப்ப உப்பு?” என்றார் மாமியார்.

“உப்பு சரியாத்தான்ம்மா இருந்துச்சு.”

எனக்கு அடிவயிறுவரை குளிர்ந்தது.

கடைசிப் பந்தியில் அவர் உட்கார்ந்தார். நான் சாம்பார் வாளியோடு போனேன். தலை நிமிராமல் கேட்டார், “அவ்ளோ நேரம் வுட்டுட்டேனே, மீனு பொழச்சுக்குமா?”

“அது வெறும் காத்துங்க மாமா. குழாயைக் காத்து பம்ப்புலதான் மாட்டியிருந்தேன், ஓசோன் மெஷினைக் கோக்கவே இல்ல. ஹோமப் புகையில ஓசோன் நெடி இல்லாதது உங்களுக்குத் தெரியல.”

அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. நான் நிறைய சாம்பார் ஊற்றினேன்.

“உப்பு சரியா இருக்குதுங்களா, மாமா?”