கும்பிடத் தொட்ட ராணி

கும்பிடுவதற்காக ஒரு காயைத் தொட்டால், அது தொட்டதாகுமா? பலரிடம் கேட்டுவிட்டேன். ஒருவர் சொன்ன பதில் மற்றவருடையதோடு ஒத்துப்போகவில்லை. எனக்கும் இன்னும் தெரியவில்லை.

என் மகள் தரம் நான்கில் படிக்கிறாள். பாடசாலையில் செஸ் தொடங்கியபோது, வீட்டிலும் யாராவது அவளோடு விளையாட வேண்டும் என்று ரீச்சர் சொன்னார். கணவருக்கு வவுனியாவில் வேலை, சனிக்கிழமைகளில்தான் இணுவிலுக்கு வருவார். ஆகவே எதிரே உட்கார நான்தான் இருந்தேன். பட்டப்படிப்பு வரை படித்தவள், ஒரு விளையாட்டின் விதிகளைப் படித்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்தேன்.

போனில் பார்த்த வீடியோவில் மூலையில் நிற்கும் காயை யானை என்றார்கள். ரீச்சர் அதையே கோட்டை என்று சொல்லிக்கொடுத்திருந்தார். மகள் கோட்டை என்றதும் நான் பலகை முழுக்கத் தேடுவேன். சிப்பாய் இன்னும் மோசம்.

"நேரை போறவன், வெட்டேக்கை மட்டும் ஏன் சரிவாப் போறான்?" என்று கேட்டேன்.

"அது அப்பிடித்தான் அம்மா. சிப்பாயிட்டைப் போய் ஏனெண்டு கேக்கேலாது."

ராஜாவும் கோட்டையும் ஒன்றையொன்று தாண்டி இடம் மாறுவது எப்போது கூடும், எப்போது கூடாது என்பது பிடிபடவே பல நாள் ஆனது. நம் சிப்பாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்கும் சிப்பாயை, அது நிற்காத கட்டத்துக்குப் போய் வெட்டலாம் என்ற விதியை நான் இன்றுவரை நம்பவில்லை. மகள் வெட்டிவிட்டுச் சிரிப்பாள், நான் விதிகளைத் தேடிப் பார்ப்பேன். அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

ஒரு விதியில் மட்டும் அவள் என்னை விடவே மாட்டாள். நான் ஒரு காயைத் தூக்கி, யோசித்து, பயந்து, திரும்ப வைத்துவிடுவேன்.

"அம்மா! தொட்டால் அதைத்தான் ஆடவேணும். கறிச்சட்டி மூடியைத் திறந்து பாக்கிற மாதிரி ஒவ்வொண்டாத் தூக்கிப் பாக்கேலாது."

பாயை விரித்து நிலத்தில் இருந்துதான் விளையாடுவோம். காய்கள் உருண்டுபோய்க் காலில் படும். பட்டால் மகள் அதை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு வைப்பாள். கொப்பிக்கும் புத்தகத்துக்கும் நான் பழக்கியது அது. செஸ் காய்க்கு நான் சொல்லவில்லை. இதுவும் படிப்புத்தான் என்று அவளே நினைத்துக்கொண்டாள் போலும். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. அதைத் தொடுதல் என்று நானும் எண்ணவில்லை, கறிச்சட்டி என்று என்னைக் கேலி செய்த அவளும் எண்ணவில்லை.

பிறகு மானிப்பாயில் ஒரு பாடசாலையில் போட்டி வந்தது. பெற்றோர் மண்டபத்துக்குள் போகக்கூடாது. நான் யன்னலோரம் நின்றேன். பக்கத்தில் எதிராளிப் பிள்ளையின் அம்மா, குருநகரில் இருந்து வந்தவர், நின்றார். மகள் நன்றாகத்தான் விளையாடிக்கொண்டிருந்தாள். குதிரையை எடுக்கக் கையை நீட்டும்போது முழங்கை ராணியைத் தட்டிவிட்டது. ராணி மேசையிலிருந்து அவளுடைய சப்பாத்தின் மேல் விழுந்தது. அவள் குனிந்து எடுத்தாள், கண்ணில் ஒற்றினாள், இருந்த கட்டத்திலேயே வைத்தாள்.

எதிரே இருந்த பிள்ளை கையை உயர்த்தியது. நடுவர் வந்தார், இளம் பெடியன்.

"பிள்ளை, ராணியைத் தொட்டனீங்களோ?"

"ஓம்."

"தெரியாமல் பட்டதோ?"

மகள் கொஞ்சம் யோசித்தாள். "இல்லை சேர். கும்பிடத் தொட்டனான்."

நடுவரும் யோசித்தார். பிறகு, தொட்டதால் ராணியைத்தான் ஆடவேண்டும் என்றார். அந்த ராணி அங்கே நின்றதால்தான் ராஜா தப்பிக்கொண்டிருந்தார். அவள் அதை நகர்த்தினாள். எதிராளியின் அடுத்த நகர்த்தலோடு ஆட்டம் முடிந்துவிட்டது.

குருநகர் அம்மாவின் முகம் என்னைவிட வாடிவிட்டது. "எங்கடையவள் துடங்க முதல் நெஞ்சிலை சிலுவை போடுவாள். கை காய்ப்பக்கம் போகாது, அதாலை தப்பியிட்டாள். குறை நினையாதேங்கோ" என்றார்.

ஸ்கூட்டியில் திரும்பும்போது பின்னாலிருந்து கேட்டாள்: "அம்மா, நான் பிழை செய்தனானோ?"

"இல்லைக் குஞ்சு."

"அப்ப ஏன் தோத்தனான்?"

முன்னால் பஸ் வருவதுபோலப் பாவனை செய்து, ஹோர்ன் அடித்தேன்.

மாலையில் கணவரிடம் போனில் சொன்னேன். "நீர் உள்ளை போய்க் கேட்டிருக்கவேணும்" என்றார்.

"என்னெண்டு கேக்கிறது? தொட்டனான் எண்டு அவளே சொல்லிப்போட்டாள்."

"அப்ப இனிக் கும்பிடவேண்டாம் எண்டு சொல்லும்." உடனே அவரே மாற்றிக்கொண்டார். "இல்லை இல்லை, அப்பிடிச் சொல்லிப்போடாதையும்."

விதிகளை மறுபடி படித்தேன். தற்செயலாகப் பட்டால் குற்றமில்லை, ஆடும் நோக்கத்தோடு தொட்டால் ஆடவேண்டும் என்று இருந்தது. அவள் தொட்டது தற்செயலாக அல்ல, ஆடவும் அல்ல. விழுந்த காயை எடுக்க முன் கையை உயர்த்தியிருக்க வேண்டும் என்றார் ரீச்சர். நடுவர் சொன்னது பிழை என்றும் அவரே சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

இப்போது வீட்டில் விளையாடும்போது மகள் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருக்கிறாள். ஆட வேண்டிய நேரம் ஒரு கையை உருவி, டக்கென்று நகர்த்திவிட்டு, மறுபடி உள்ளே செருகிக்கொள்கிறாள். நான் காயைத் தூக்கித் திரும்ப வைத்தாலும் கேலி செய்வதில்லை. நேற்று அவளுடைய தமிழ்ப் புத்தகம் வழுக்கிக் காலில் விழுந்தது. குனிந்தவள், நீட்டிய கையைப் பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"தொடலாமோ அம்மா?"

தன் வீட்டில், தன் புத்தகத்தை.

அடுத்த போட்டிக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லும்படி ரீச்சர் கேட்டிருக்கிறார். "நீங்கள் சொல்லுங்கோ அம்மா" என்கிறாள் மகள். அனுப்புவோம் என்று காலையில் நினைக்கிறேன், வேண்டாம் என்று மத்தியானம் நினைக்கிறேன். இதை வாசிப்பவர்களில் பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்பிய தாய்மார் இருந்தால், தயவுசெய்து எழுதுங்கள். இவளை அனுப்பவா, கொஞ்சக் காலம் விட்டுவிடவா? அனுப்புவதானால், அந்தக் கைகளைப் பயமில்லாமல் மேசைமேல் வைக்க என்ன சொல்லி அனுப்பலாம்?