அண்ணியின் இரண்டாவது டிக்

பணத்தைப் பற்றி எழுதுகிறவள் என்றால் வசதியான வீட்டில் பிறந்திருப்பேன் என்று நினைக்கிறார்கள். அட போங்க! என் அம்மாவும் அப்பாவும் செங்கல்பட்டுப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவள் நான். சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் இறங்கி, ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவுக்குப் போய்வந்தேன். எல்லார் சம்பளத்திலும் பி.எஃப். பிடித்துப் பிடித்து அந்தச் சமாச்சாரம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். வேலையை விட்டபின் அதையே பத்திரிகையில் எழுத ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளிர் குழுக்களில் பேசவும் போவேன்.

சில வருடங்களுக்கு முன் அப்படி மாமல்லபுரத்தில் பேசி முடித்து, டீயை வாயில் வைக்கிறேன், அண்ணியிடமிருந்து போன்.

அண்ணி இருப்பது திருவிடந்தையில். அண்ணன் இறந்தபின் சிறுசேரி ஐ.டி. பார்க் கேன்டீன் ஒன்றில் பாத்திரம் கழுவி, ஒற்றை ஆளாக மகளைப் படிக்கவைக்கிறவர். சேர்ந்த நாளிலிருந்து இருந்த கான்ட்ராக்டர் போய் அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. புதியவர் அடுத்த மாதம் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வேலையில்லாமல் இரண்டு மாதம் இருந்தால்தான் பணத்தை எடுக்கலாம்; அதனால் கான்ட்ராக்டர் போய் இரண்டு மாதம் ஆனதும் பெண்கள் கூட்டமாகக் கிளம்பி திருவிடந்தை பிரவுசிங் சென்டருக்குப் போய் பி.எஃப். கணக்கை முடித்துவிடுவார்கள்.

"பேங்க் நம்பரு கூட ஏதோ கோடு கேக்குறாங்கடி, அது எங்க கீது?" என்றார் அண்ணி.

"பாஸ்புக் முதல் பக்கத்துல இருக்கும். இருங்க, பென்ஷனையும் சேர்த்தா எடுக்கறீங்க?"

"ரெண்டுத்துலயும்தான் கடக்காரரு டிக்கு அடிச்சு வெச்சிகிறாரு. எல்லாரும் அப்டித்தானே எடுக்குறாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பி.எஃப். வேறு, பென்ஷன் வேறு. பத்து வருடம் கட்டியிருந்தால் வயதான காலத்தில் மாதாமாதம் பென்ஷன் வரும், சாகும்வரை. அதற்கு முன் அந்தப் பணத்தை எடுத்துவிட்டால் கட்டிய வருடமெல்லாம் போச்சு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அண்ணி கட்டியிருந்தது ஒன்பது வருடமும் இரண்டு மாதமும்.

"எடுக்காதீங்க!" என்று கத்துவதற்குள் போன் கட். திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன். பட்டிபுலம், நெம்மேலி எல்லாம் எப்போது தாண்டினேன் என்றே தெரியாது. இதைப் பற்றியே நான்கு கட்டுரை எழுதியிருக்கிறேன், சொந்த அண்ணிக்குத் தெரியவில்லையே என்று வழியெல்லாம் ஆத்திரம் வேறு.

பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தால், அண்ணி செல்போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓ.டி.பி.யைப் படித்துக்கொண்டிருக்கிறார். "நாலு... ஏயு..."

"அண்ணி, நிறுத்துங்க!"

கடைக்காரர் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்தார். அண்ணியோடு வந்திருந்த ஏழெட்டுப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே பேச ஆரம்பித்தேன்: ஓய்வூதியத் தகுதிக் காலம், நீண்டகாலப் பாதுகாப்பு, நிதித் திட்டமிடல். எழுதியதை அப்படியே ஒப்பித்தேன்.

அண்ணி பொறுமையாகக் கேட்டார். "நீ எய்துறது எல்லாம் எம்பொண்ணு படிச்சுக் காட்டுவா. ஒரு எய்வும் புரியாது. என் வூட்ல மழைக்குச் சமையக்கட்டும் ஒயுவுது, படுக்குற எடமும் ஒயுவுது. ரெண்டு பணமும் சேந்தாத்தான் முழுக் கூரை போட முடியும். சும்மா பேஜாரு பண்ணாத."

நியாயம்தானே!

"சரி, நீ எத்தினி வருசம் வேலைக்குப் போன? உனுக்கு எவ்ளோ பென்ஷன் வரும்? அத்தச் சொல்லு மொதல்ல."

இந்தக் கேள்வியை எந்த வாசகரும் என்னிடம் கேட்டதில்லை. நானாகவும் எழுதியதில்லை. எல்லாம் தெரிந்த சம்பளப் பிரிவுக்காரி நான் என்ன செய்தேன் என்பதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிட்டதில்லை.

"எனக்கு ஒண்ணும் வராது அண்ணி. எட்டரை வருஷத்துல வேலையை விட்டேன். ரெண்டையும் எடுத்துட்டேன்."

"எடுத்து?"

"சோபா வாங்கினேன்."

"உன் வூட்டு ஹால்ல கீதே, துணி மடிச்சு வெக்கிறியே, அதுவா?"

"அதேதான்."

அண்ணி சிரித்தார் பாருங்கள், அப்படியொரு சிரிப்பு! கடையே சிரித்தது. சிரித்து ஓய்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணி திரைப்பக்கம் திரும்பினார்.

"இன்னும் எத்தினி மாசம் போனா பத்து வருசம்?"

"பத்து மாசம். புது கான்ட்ராக்டர்கிட்ட இதே பி.எஃப். நம்பரைக் குடுத்தாப் போதும்."

"அண்ணாத்த, அந்த ரெண்டாவது டிக்க எடுத்துரு. இந்த மழைக்குப் படுக்குற எடத்துக்கு மட்டும் கூரை போட்டுக்கிறேன். சமையக்கட்டு ஒயுவட்டும், சட்டி வெச்சுப் புடிச்சுக்கிறேன்."

கடைக்காரர் டிக்கை எடுத்தார். எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. அதற்குள் பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி தன் பி.எஃப். நம்பர் எழுதிய சீட்டை என் கையில் திணித்தாள்.

"யக்கா, எனுக்கு எத்தினி வருசம் ஆச்சுனு பாரு. அப்பால அந்த சோபா கதைய மொதல்லேந்து சொல்லு."