எடைமேடையில் அறுபது கிலோ

கதை விடுறேன்னு நினைச்சா இப்பவே மூடி வெச்சிடுங்க. இது நடந்தது. எனக்கில்லை, என் அக்கா புருஷனுக்கு. அதுவும் ராத்திரி இல்லை, பட்டப்பகல். பொய் சொன்னா நாக்கு அழுகிடும்னு நம்புற மனுஷன் அவர். வாழ்க்கையில ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கார். அதைத்தான் இப்போ சொல்லப்போறேன்.

அத்தான் கிளியரிங் ஏஜென்ட். வெளிநாட்டுல இருந்து கப்பல்ல மெஷின் வந்தா, பேப்பரையெல்லாம் கஸ்டம்ஸ்ல காட்டி வெளியே எடுத்துக் கொடுப்பார். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கிற ஆள். பேப்பர்ல இருக்கிறது பெட்டியில இருக்கணும், பெட்டியில இருக்கிறது பேப்பர்ல இருக்கணும். அவ்வளவுதான் அவருக்கு வேதம். "கல்யாணத்தன்னிக்கு என்னையே லிஸ்ட்டோட சரிபார்த்துத்தான் கூட்டிட்டு வந்தார்"னு அக்கா கிண்டல் பண்ணுவா.

அவருக்கு ஒரே தம்பி. நாங்க எல்லாரும் சின்னவன்னுதான் கூப்பிடுவோம். ஏழு வருஷமா வெளிநாட்டுல ஒரு தொழிற்சாலையில ஃபிட்டர். ஊருக்கு வந்திடறேன்னு ஒரு தடவை ஃபோன் பண்ணினான். அத்தான் அன்னிக்கு என்ன எரிச்சல்ல இருந்தாரோ, "வெறுங்கையை வீசிக்கிட்டு வந்து நிக்காதடா"ன்னுட்டார். பாவி மனுஷன், சொல்லியிருக்கக் கூடாது. அவன் அதை மனசுல வெச்சுக்கிட்டான். ரெண்டு வருஷம் கழிச்சு, அந்தத் தொழிற்சாலையிலயே ஒரு பழைய லேத் மெஷினை விலைக்கு வாங்கிட்டான்.

"அண்ணே, நாம ரெண்டு பேரும் பட்டறை போடுறோம். மெஷின் முன்னாடி வரும், நான் பின்னாடியே வர்றேன். நீதான் வெளியே எடுத்து வைக்கணும்."

அதுதான் அவன் பண்ணின கடைசி ஃபோன். அப்புறம் மூணு வாரமா அவன் நம்பர் அணைஞ்சே கிடந்தது. "பேசினானாடா?"ன்னு அத்தானோட அம்மா தினமும் கேட்பாங்க. "திடீர்னு வந்து நிக்கப்போறான், பாருங்க"ன்னு அத்தான் சமாளிப்பார்.

தம்பி வரலை. மெஷின் வந்திடுச்சு.

பகல் 12:10. கன்டெய்னரை ஏத்தின லாரி எடைமேடையில நின்னுது. டிரைவர் இறங்கி அத்தான் பக்கத்துல வந்து நின்னார். எடை போடுறவர் ஜன்னல் வழியா தலையை நீட்டினார்.

"வண்டில இருக்கிற ஆளை இறங்கச் சொல்லுங்க."

"ஆள் யாரும் இல்லையே?"

"பேப்பர்ல இருக்கிறதை விட அறுபது கிலோ அதிகமா காட்டுதே. யாரோ சீட்டுல படுத்துத் தூங்குறான்."

டிரைவர் சிரிச்சார். "எனக்குக் கிளீனரே கிடையாதுங்க. என் பொண்டாட்டியே என்கூட வண்டில ஏற மாட்டா." ஏறிப் பார்த்தாங்க. சீட் காலி. மறுபடி எடை போட்டாங்க. அதே அறுபது.

அத்தானுக்கு வேர்த்துது. பெட்டிக்குள்ள ஆள் ஒளிஞ்சு வந்திருக்கான்னு சந்தேகம் விழுந்தா, மெஷின் மாசக்கணக்கா உள்ளேயே கிடக்கும். சின்னவன் வந்து இறங்கிற அன்னிக்குப் பட்டறையில மெஷின் நிக்கணும். அவருக்கு அது ஒண்ணுதான் குறி.

12:25. கஸ்டம்ஸ் ஆபீசர் வந்தார். பழைய மெஷினைத் திறந்து பார்த்துத்தான் விடுவாங்க. கன்டெய்னர் கதவுல இருந்த சீல் நம்பரைப் பார்த்தார். சரி. சீல்ல ஒரு கீறல் கூட இல்லை.

சீலை வெட்டக் கட்டரை வெச்சாங்க.

டங்… டங்.

உள்ளே இருந்து.

"வெயில்ல இரும்பு விரியுது" என்றார் ஆபீசர்.

அத்தான் கதவையே பார்த்தார். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கி முடிச்சதும், ஸ்பானரால ரெண்டு தட்டு தட்டுறது சின்னவன் பழக்கம்.

கதவு திறந்தது. அந்த வெயில்ல… உள்ளே இருந்து சில்லுன்னு ஒரு காத்து. நடுவுல லேத். நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்தது. வேற எதுவும் இல்லை. ஆபீசர் மெஷின் பின்னாடி போய் நம்பர் தகட்டைப் படிச்சுக்கிட்டிருந்தார்.

அப்போதான் அத்தான் தரையைப் பார்த்தார்.

தூசியில கால் தடம். வெறுங்கால். மெஷின்கிட்ட இருந்து கதவு வரைக்கும்.

திரும்பிப் போன தடம் இல்லை.

இடது காலில்… நாலு விரல்.

சின்னவனுக்குப் பதினாலு வயசுல ஒரு இரும்புத் தகடு விழுந்து சுண்டு விரல் போச்சு. ஆஸ்பத்திரிக்குத் தோள்ல தூக்கிட்டு ஓடினதே அத்தான்தான். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்னு சொல்வாங்களே… உடம்பெல்லாம் ஆடிடுச்சு அவருக்கு.

ஆனா பழகின புத்தி முந்திக்கிச்சு. பேப்பர்ல இல்லாதது பெட்டியில இருக்கக் கூடாது.

ஷூவால தேய்ச்சு அழிச்சார்.

ஒவ்வொண்ணா.

12:40. ஆபீசர் பேப்பரை நீட்டினார்.

"வேற எதுவும் உள்ளே இல்லைதானே?"

காதுக்குப் பின்னாடி… ரொம்பப் பக்கத்துல…

"அண்ணே…"

அத்தான் திரும்பலை.

"இல்லை சார். வேற எதுவும் இல்லை."

கையெழுத்துப் போட்டார்.

1:05. லாரி மறுபடி எடைமேடை ஏறுச்சு.

கணக்கா இருந்தது. அறுபது கிலோவைக் காணோம்.

மெஷினைப் பட்டறைக்குக் கொண்டு போய் இறக்கிட்டாங்க. நாலாம் நாள், அத்தான் குடும்பம் முன்னாடி வாடகைக்கு இருந்த வீட்டு விலாசத்துக்குப் போன ஒரு கடிதம் சுத்திச் சுத்தி அத்தான் வீட்டுக்கு வந்தது. தொழிற்சாலையில இருந்து. சின்னவன் ஒன்பதாம் தேதி, வேலை நேரத்துல, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்திருக்கான். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. அவங்க ஃபைல்ல இருந்ததும் அந்தப் பழைய விலாசம்தான்; மெஷின் பேப்பரையெல்லாம் அவன் முன்னாடியே கப்பல் கம்பெனிகிட்ட கொடுத்திருந்தான். சொந்தக்காரங்களைத் தேடிப் பார்த்துட்டு, யாரும் கிடைக்காம அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்க.

அத்தான் அந்தத் தொழிற்சாலைக்கு ஃபோன் போட்டார். எடுத்தவர் சின்னவனோட கூட வேலை பார்த்தவர். அவர் ரொம்ப அழுதார். கடைசியில ஒண்ணு சொன்னார்.

"பத்தாம் தேதி சாயங்காலம் மெஷினைக் கன்டெய்னர்ல ஏத்தினோம். கட்டுறதை மட்டும் காலையில பார்த்துக்கலாம்னு பூட்டிட்டுப் போயிட்டோம். பதினொண்ணாம் தேதி காலையில வந்து திறந்தா… ஏற்கெனவே கட்டியிருக்கு. யார் கட்டினாங்கன்னு இன்னி வரைக்கும் யாருக்கும் தெரியலை. சீலைப் போட்டு அனுப்பிட்டோம்."

உடம்பு கூட வரலைன்னு அம்மா இன்னும் அழுறாங்க. "ஒரு தடவை வீட்டு வாசல் வரைக்கும் வந்திருக்கக் கூடாதா என் பிள்ளை?"ன்னு அத்தான் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்பாங்க. அவர் தலையைக் குனிஞ்சுக்குவார்.

என்னத்தச் சொல்லுவார்? வந்தாம்மா, பின்னாடி நின்னு கூப்பிட்டான், உள்ளே யாரும் இல்லைன்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன்னா?