அவைக்குறிப்பில் ஒரு பெயர்

ஜலஜாவுக்குச் சாப்பாட்டின் நடுவில் எழுந்துபோகிற பழக்கம் கல்யாணமான புதிதிலிருந்தே உண்டு. ரசம் சாதம் பாதியில் இருக்கும். காலையில் எழுதிய ஏதோ ஒரு வாக்கியத்தில் ஒரு சொல் சரியில்லை என்று தோன்றிவிடும். இடது கையால் போனை எடுத்து அதைத் திருத்திவிட்டுத்தான் அடுத்த கவளம். கணவர் குருபிரசாத் கொஞ்ச காலம் கோபித்துக்கொண்டு பார்த்தார். பிறகு அவள் தட்டை மூடிவைக்கப் பழகிக்கொண்டார்.

கல்கத்தாவில் லேக் கார்டன்ஸில் பிறந்து வளர்ந்தவள். இருபத்தாறு வயதில் பவானிபூரில் அனிமேஷ் தாலுக்தார் என்ற வக்கீலிடம் சுருக்கெழுத்து வேலைக்குச் சேர்ந்தாள். பதினாறு வருஷம் மனுவும் வாய்தாவுமாக ஓடியது. தாலுக்தார் மாநிலங்களவை உறுப்பினரானபோது அறையும் மாறவில்லை, மேஜையும் மாறவில்லை. வாசல் பலகை மட்டும் மாறியது. அதுவரை நீதிபதிகளுக்காக எழுதியவள் அமைச்சர்களுக்காக எழுத ஆரம்பித்தாள்.

தாலுக்தாருக்கு இரண்டு விஷயங்கள்தான் முக்கியம். ஒன்று, விசாரணை முடியாமல் வருஷக்கணக்காகச் சிறையில் கிடப்பவர்கள், இன்னொன்று, மாணவர்கள். ஆறு வருஷத்தில் அவர் அவையில் கேட்ட கேள்விகளில் முக்கால்வாசி இந்த இரண்டைப் பற்றித்தான். விடுதியில் தண்ணீர் வராததிலிருந்து நீதிமன்றங்களில் நிரப்பப்படாத இடங்கள் வரைக்கும் கேட்டிருக்கிறார். வரைவெல்லாம் ஜலஜாவின் கை. அது யாருக்கும் தெரியாது என்பதில் அவளுக்கு வருத்தமில்லை. 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது' என்று டெல்லியிலிருந்து வரும் பதிலைப் படித்தால்தான் உடம்பெல்லாம் பரபரக்கும்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை சுலோசனா வந்தாள். காளிகாட்டில் ஒரு சந்தில் குடியிருப்பவள். கணவன் சிவலிங்கம் ரயில்வே பணிமனையில் வேலை. எம்.பி. ஆபீசில் ஒரு தமிழம்மா இருக்கிறாள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். கண் கலங்காமல், ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். மகன் தினேஷ்குமார் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். அக்டோபரில் கல்லூரி வாசலில் நடந்த கைகலப்பில் பதினொரு பேரைப் பிடித்தார்கள். அவன் அங்கே நின்றுகொண்டிருந்தான், அவ்வளவுதான் என்றாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்துவிட்டார்கள். அவனுடைய ஜாமீன் மனு மட்டும் தள்ளிக்கொண்டே போகிறது. பரீட்சை எழுத நீதிமன்றம் அனுமதி கொடுத்திருந்தது. பரீட்சையன்று குளித்து, தலைவாரி, ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிறை வாசல் அறையில் உட்கார்ந்திருக்கிறான். காவலுக்கு வர வேண்டிய வண்டி வரவில்லை. அடுத்த தாளுக்கும் அதே கதை.

எழுந்திருக்கும்போது அவள் ஒன்று கேட்டாள்.

"பேரு மட்டும் வேண்டாம்க்கா. மெட்ராஸ்ல மாமா வீட்ல இருந்து படிக்கிறான்னுதான் எங்க சந்துல சொல்லி வச்சிருக்கோம்."

"பேர் வராது," என்றாள் ஜலஜா. "நான்தானே எழுதறேன்."

முதலில் எழுத்துபூர்வமான பதில் கேட்டு ஒரு கேள்வி போயிற்று. பரீட்சைக்கு அனுமதி பெற்றும் அழைத்துச் செல்லப்படாத விசாரணைக் கைதிகள் எத்தனை பேர் என்று மாநிலவாரியாகக் கேட்டிருந்தாள். மூன்று வரியில் பதில் வந்தது. சிறைகள் மாநிலப் பட்டியலில் வருபவை, விவரங்கள் மத்திய அரசிடம் இல்லை. மெட்ரோவில் நின்றபடி அதைத் திரும்பத் திரும்பப் படித்ததில், ரவீந்திர சரோவரில் இறங்காமல் டாலிகஞ்ச் வரை போய்விட்டாள்.

பிறகு, உறுப்பினர்கள் அவசர விஷயங்களை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் தாலுக்தார் பேச அனுமதி கேட்டாள். ஒரு உறுப்பினருக்கு மூன்று நிமிஷம். நேரம் முடிந்தால் ஒலிபெருக்கி தானாக அணைந்துவிடும். முதல் தடவை பட்டியலில் அவர் பெயர் இல்லை. இரண்டாம் தடவை பெயர் இருந்தது, கூச்சலில் அவை ஒத்திவைக்கப்பட்டது. மூன்றாம் தடவையும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் முந்தின கோரிக்கை காலாவதியாகிவிடும், புதிதாக அனுப்ப வேண்டும். தவறிய தாள்களை மறுபடி எழுத விண்ணப்பிக்கும் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. சுலோசனா தினமும் போன் செய்தாள். ஜலஜா பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அவையின் பட்டியலைத் திறந்து பார்ப்பாள். மாறியிருக்காது என்று தெரிந்தும் பார்ப்பாள்.

நாலாவது தடவை பெயர் ஐந்தாவதாக வந்தது. அன்று காலை டெல்லியிலிருந்து தாலுக்தார் கூப்பிட்டார். வரைவைப் படித்துவிட்டாராம், நன்றாக இருக்கிறதாம், ஆனால் இது எங்கேயும் தைக்காது என்றார். 'ஒரு மாணவர்' என்று சொன்னால் அமைச்சர்கள் தலைநிமிர மாட்டார்கள், ஒரு பெயரைச் சொன்னால்தான் யாராவது விசாரிக்கச் சொல்வார்கள் என்று வங்க மொழியில் நிதானமாக விளக்கினார். பையனின் அம்மா பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதை ஜலஜா சொன்னாள்.

அப்படியானால் வேண்டாம், உன் இஷ்டம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

வற்புறுத்தியிருந்தால் அவளால் சண்டை போட்டிருக்க முடியும். இப்போது முடிவு அவள் தலையில் வந்து விழுந்தது. ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்தாள். கீழே தெருவில் ஆட்டோக்காரர்கள் ஹாஸ்ரா, ஹாஸ்ரா என்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுலோசனாவுக்குப் போன் செய்து கேட்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாள். அது தெரிந்ததால்தான் ஜலஜா கேட்கவில்லை. பத்து நாற்பதுக்கு 'ஒரு மாணவர்' என்பதை அடித்துவிட்டு 'தினேஷ்குமார்' என்று எழுதி அனுப்பினாள்.

பதினொன்றே காலுக்குத் தாலுக்தார் எழுந்தார். அவள் ஒரு இடத்தில் எழுதியிருந்த பெயரை அவர் மூன்று இடத்தில் சொன்னார். எதிர்வரிசையிலிருந்துகூட இரண்டு பேர் இதை ஆதரிப்பதாகக் கை தூக்கினார்கள். ஒலிபெருக்கி அணைந்த பிறகும் அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.

ஒன்பதே நாளில் பல்கலைக்கழகம் தனித் தேர்வுக்கு அனுமதித்தது. வண்டி வந்தது. அவன் இரண்டு தாளையும் எழுதினான். அன்று ஜலஜா முழுச் சாப்பாட்டையும் உட்கார்ந்து சாப்பிட்டாள். குருபிரசாத் இன்னொரு கரண்டி மோர்க்குழம்பு ஊற்றினார்.

அந்த மூன்று நிமிஷத்தை ஒரு வங்காளச் செய்தி சேனல் எடுத்துப் போட்டிருந்தது அவளுக்குத் தெரியும். காளிகாட் சந்தில் எல்லார் போனிலும் அது சுற்றியது என்பது, இரண்டு வாரம் கழித்து சுலோசனா வந்து நின்றபோதுதான் தெரிந்தது. கொடுத்த டீயை அவள் தொடவில்லை. சிவலிங்கம் இப்போதெல்லாம் சந்து வழியாக வராமல் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வருகிறான் என்றும், பூஜைக் கமிட்டியில் அவன் பெயரை எடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னாள்.

"நீங்க நல்லதுதான் செஞ்சீங்க. நான் கேட்டது ஒன்னே ஒன்னுதானேக்கா."

"நான்தான் எழுதினேன்," என்றாள் ஜலஜா. எம்.பி.மீது பழி போட்டிருக்கலாம். வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு எந்த வேலையிலும் மனம் நிற்கவில்லை. அவைக்குறிப்பிலிருந்து அந்தப் பெயரை நீக்கக் கோரி ஒரு கடிதம் தயார் செய்தாள். அவையில் சொன்னது சொன்னதுதான் என்று தாலுக்தார் முணுமுணுத்தார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார். நினைவூட்டல் ஒன்று, இன்னொன்று, டெல்லிக்குப் போன் என்று இரண்டு மாதம் துரத்தியதில் வேண்டுகோள் ஏற்கப்பட்டது. அச்சான குறிப்பில் பெயர் இருந்த மூன்று இடத்திலும் நட்சத்திரக் குறிகள். பிரதி ஒன்றை சுலோசனாவுக்கு அனுப்பினாள். பதில் இல்லை. போனில் சுற்றியதை அழிக்க யாராலும் முடியாது என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

ஜூலையில் தினேஷ்குமாருக்கு ஜாமீன் கிடைத்தது. ஆகஸ்டில் ஒரு மத்தியானம் அவனே வந்தான். ஒல்லியாக, ஒட்ட வெட்டிய தலையோடு, மடிப்புக் கலையாத சட்டையில் இருந்தான். வங்க மொழியில் ஆரம்பித்து, அவள் யாரென்று தெரிந்ததும் தயங்கித் தயங்கித் தமிழுக்கு மாறினான். எம்.பி. பேசியதன் அதிகாரபூர்வப் பிரதி வேண்டுமாம். வழக்கிலிருந்து விடுவிக்கச் சொல்லி மனு போடப் போகிறார்கள், கூடவே அதையும் இணைக்கலாம் என்று வக்கீல் சொன்னாராம்.

"எனக்கும் ஒரு காப்பி வேணும், ஆன்ட்டி. அதுக்கப்புறம்தான் வண்டி வந்துச்சு."

ஜலஜா அலமாரியிலிருந்து அந்தத் தாளை எடுத்து அவன் முன் வைத்தாள். அவன் விரலை வைத்து வரி வரியாகப் படித்தான். நட்சத்திரக் குறி வந்த இடத்தில் விரல் நின்றது.

"இங்க என்ன இருந்துச்சு?"

"உன் பேர்."

"யாரு எடுக்கச் சொன்னாங்க?"

அவன் அம்மாவுக்குத் தான் கொடுத்த வாக்கையும், அதை மீறியதையும், பிறகு கடிதம் போட்டதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"என்னை யாருமே கேக்கலையே," என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

அவளுக்கு முகம் சுட்டது. பெயரைச் சேர்த்தபோது அவன் சிறையில் இருந்தான். எடுத்தபோதும் சிறையில்தான் இருந்தான். அவனைப் பார்க்க வாராவாரம் அவன் வக்கீல் போய்வந்துகொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் பதில் வந்திருக்கும். இருபது வயது ஆள் ஒருவன் இதில் இருக்கிறான் என்பதே தனக்குத் தோன்றவில்லையே என்று உறுத்தியது.

மறுபடி சேர்க்க முடியுமா என்று கேட்டான். முடியாது என்றாள். அந்தப் பேச்சில் குறிப்பிடப்பட்டவன் அவன்தான் என்று எம்.பி.யின் கடிதத்தாளில் எழுதி வாங்கித் தரலாம், நீதிமன்றம் அதை ஏற்குமா என்பதைச் சொல்ல முடியாது என்றும் சொன்னாள். வக்கீலைக் கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனான். இரண்டு நாளில் வந்து கடிதத்தை வாங்கிக்கொண்டான். அந்த மனு இன்னும் விசாரணைக்கு வரவில்லை, டிசம்பருக்குத் தள்ளியிருக்கிறார்கள். சுலோசனாவைக் காளிகாட் மெட்ரோ படியில் ஒருநாள் பார்த்தாள். இரண்டு பேரும் நின்றார்கள். பையன் காலேஜுக்குப் போகிறான் என்று சுலோசனா சொன்னாள். பிறகு படியேறிப் போய்விட்டாள்.

போன வாரம் ஒரு நர்சிங் மாணவியின் விவகாரம் வந்தது. விடுதியில் புகார் கொடுத்ததற்காக வகுப்பிலிருந்து நிறுத்தப்பட்டவள். அவள் அப்பா எல்லாக் காகிதத்தையும் கொண்டுவந்து, பெயரைப் போட்டே கேளுங்கள் என்றார். ஜலஜா வரைவை ஆரம்பிக்கவில்லை. பஸ் பிடித்துப் போய் அந்தப் பெண்ணையே பார்த்தாள். பெண் நகத்தைக் கடித்துக்கொண்டு, யோசித்து நாளைக்குச் சொல்கிறேன் என்றாள்.

கோரிக்கை அனுப்பக் கெடு மறுநாள் மாலை ஐந்து மணி. மூன்று மணியிலிருந்து ஜலஜா போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். இரண்டு வரைவும் தயாராக இருந்தன, ஒன்று பெயரோடு, ஒன்று பெயரில்லாமல். நாலரைக்குத் தாலுக்தார் உள்ளேயிருந்து ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று கேட்டார். ஐந்தடித்தது. அவர் எழுந்து வந்து, ஒரு வாரம் வீணாகிவிட்டது என்று கடிந்துகொண்டார். ஆமாம் ஸார் என்றாள். ஆறேகாலுக்கு அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. இன்னும் ஒருநாள் வேண்டுமாம்.