பழவேற்காட்டுக்கு ரயில் விட்ட சிங்காரம்

பழவேற்காட்டுக்கு ரயில் கிடையாது. அரசாங்கம் விடாத ரயிலைச் சிங்காரம் விட்டான், வீட்டில் இருந்த ஒரே கட்டில்மேல் பலகை போட்டு, பொம்மை ரயிலாக. பெண்டாட்டி தேவகி இரண்டு வருஷமாகத் தரையில் படுக்கிறாள். ஜல்லி ஒட்டும்போது தும்மக் கூடாதென்று அந்தப் புண்ணியவான் உத்தரவு வேறு போட்டிருந்தான்!

ஏரிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவன். விரலுக்குத் தெரியாத பொடி உண்டா? கிளிஞ்சலை நொறுக்கி, தேவகியின் மாவுச் சல்லடையில் சலித்து, குட்டித் தண்டவாளத்துக்கு ஜல்லி செய்தான். கடுகைவிட ஒரு பொட்டு பெரிசானாலும் தூக்கி எறிந்தான். இந்த அக்கறையில் கால்வாசியை ஒழுகுகிற கூரைமேல் காட்டியிருந்தால் குடும்பம் உருப்பட்டிருக்கும்.

நிறத்துக்குத்தான் நாயாய் அலைந்தான். தினமும் காலையில் மீன் விற்கப் போகும் தேவகியையும் அவள் கூடையையும் பொன்னேரியில் ரயிலேற்றிவிடுவது அவன் வேலை. அப்போதெல்லாம் கீழே தண்டவாளத்தில் கிடக்கும் ஜல்லியையே வெறிப்பான். வீட்டுக்கு வந்து சாம்பல் நிறம் பூசுவான், காவி தெளிப்பான், உதட்டைப் பிதுக்குவான். கடைசியில் சுண்ணாம்புத் தண்ணி தெளித்த பிறகுதான், "அப்டியே கீது!" என்று குதித்தான்.

"பொன்னேரி கண்காட்சில ப்ரைஸ் வரலன்னா உன் ரயிலு ஏரிக்குத்தான் போவும்," என்றாள் தேவகி. சொன்னால் செய்கிறவள்.

கண்காட்சிக்கு நடுவராக வந்தவர் ரயில்வேயில் ரிட்டையரானவர். குனிந்து பார்த்தார்.

"அளவு பிரமாதம். ஆனா என்னப்பா இந்த வெள்ளை? எந்த லைன்லயும் ஜல்லி இப்படிப் பூத்திருக்காது. கலர் சுத்தமா தப்பு."

பரிசு ஒரு தெர்மாகோல் ராக்கெட்டுக்குப் போனது.

அப்படியென்ன வெள்ளை என்று தேவகியும் அப்போதுதான் கிட்டே போய்ப் பார்த்தாள். அடப்பாவி! பொன்னேரியில் வியாபாரிகள் ஏறும் பெட்டி வந்து நிற்கிற இடமல்லவா இது? மீன் கூடைகளிலிருந்து உப்பும் ஐஸ் தண்ணியும் வருஷக்கணக்காகச் சொட்டிப் பூத்த வெள்ளை. அவ்வளவு பெரிய ஸ்டேஷனில் இந்த மனுஷன் அவள் நிற்கிற இடத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவே இல்லை.

"யோவ் சாரு! நீ என்னிக்காவது மீன் கூடையோட ரயில் ஏறிருக்கியா? இது நான் நிக்கிற எடம். கலரு கரீட்டு!"

நடுவர் திரும்பிப் பார்க்கவில்லை. தேவகி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பலகையின் ஒரு முனையைத் தூக்கினாள்.

"இன்னா பாத்துனு நிக்கிற? அந்தப் பக்கம் புடி. பஸ்ஸுல ஆட்டாம எட்த்துனு போவணும், ஜல்லி கொட்டிடப் போவுது."